சட்டை மாற்றிய வண்டி

பிற்பகல் ஒன்று நாற்பது.

வண்டிக்கு அடியிலிருந்து வூலா கரியோட்டிஸின் இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஐம்பத்தெட்டு வயது. இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பிய மதிப்பீட்டாளர்.

“நம்பர் இல்ல. அந்த இடத்தைச் சுத்தமா தேய்ச்சிருக்காங்க,” என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

கொட்டகை வாசலில் மெரின் டகன் நின்றிருந்தாள்; அது அவள் வண்டி. வேலி போடுவது அவள் தொழில். வண்டி இல்லாவிட்டால் வேலி இல்லை. லைசென்ஸ் போனால் வண்டியும் இல்லை. சேஸிஸ் நம்பரை அழிப்பது போலீஸ் கேஸ் என்பது அவளுக்குத் தெரியும். போலீஸும் பக்கத்திலேயே நின்றிருந்தது.

அதன் பெயர் காரிக் பெல். வெள்ளம் வருகிறது என்று எச்சரிக்க வந்து, அந்த வெள்ளத்திலேயே மாட்டிக்கொண்ட கான்ஸ்டபிள். காலை பதினொன்றரைக்கு இரண்டு ஓடைகளும் கரை தாண்டின. அதற்குப் பிறகு மெரினின் இடம் ஒரு தீவு. எந்தப் பக்கம் நடந்தாலும் இருநூறு மீட்டரில் தண்ணீர். உள்ளே நான்கு பேர்.

நான்காவது ஆள் லயல் ஸ்ட்ரௌட். ஊருக்கு இருக்கும் ஒரே மெக்கானிக். மெரினின் பழைய வண்டிக்கு அடிச்சட்டமான சேஸிஸ் இற்றுப்போனபோது, பாடியை மட்டும் தூக்கி வேறொரு கம்பெனியின் சேஸிஸ்மேல் உட்கார வைத்தது அவர்தான். அது மார்ச் மாதம். இன்ஜினியர் சான்றிதழும் அவரே வாங்கிக் கொடுத்தார். போன மாதம் ஓடைக்கரையில் வண்டி உருண்டது. மெரின் இழப்பீடு கேட்டிருந்தாள். சான்றிதழில் உள்ள நம்பரும் சேஸிஸில் உள்ள நம்பரும் ஒன்றுதானா என்று பார்க்கத்தான் வூலா வந்திருந்தார். மண்ணைச் சுரண்டி இடத்தைக் காட்ட லயலையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

லயல் தொப்பியைக் கழற்றினார். துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி இருந்தது.

“காலையில நான் மண்ணைத் துடைச்சப்ப நம்பர் அங்கதான் இருந்துச்சு மாப்ள,” என்றார் காரிக்கிடம். “என் கண்ணால படிச்சேன். சான்றிதழோட ஒத்துப்போச்சு.”

காரிக் நோட்டை எடுத்தான். பன்னிரண்டு பத்துக்கு மெரின் கொட்டகையைப் பூட்டினாள். ஒரே சாவி, அவள் பையில். சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கப் பத்து நிமிடம் எழுந்து போனாள். வேறு யாரும் மேஜையை விட்டு நகரவில்லை.

“பத்து நிமிஷம் எங்க போன?”

“குச்சி நட்டு வச்சிருந்தேன். அதைப் பார்க்கப் போனேன்.”

“குச்சி சாட்சி சொல்லுமா?”

“அது முழுகிப் போச்சு,” என்றாள் மெரின்.

இதைவிட மோசமான சாட்சி கிடைப்பது கஷ்டம். லயல் பெருமூச்சு விட்டார். ஏதோ சந்தேகத்தில் பயந்து செய்திருப்பாள், சின்னப் பொண்ணு, பார்த்துச் செய்யுங்கள் என்று அவளுக்காகச் சிபாரிசு வேறு செய்தார். அந்தச் சிபாரிசே மெரினைக் குற்றவாளி ஆக்கிவிட்டது. ஓடவும் வழியில்லை; ஓடினாலும் நீந்த வேண்டும்.

ஒன்று ஐம்பத்தைந்து. வூலா வெளியே வந்து, தரையைக் கையால் தடவினார். சிமெண்ட் தரை. விரலில் ஒட்டியது செம்மண் மட்டும். பிறகு மெரினிடம் ஜெனரேட்டரைப் பற்றிக் கேட்டார். டீசலை மிச்சப்படுத்தப் பதினொன்றரையிலிருந்து அணைத்துக் கிடக்கிறது என்றாள்.

“இரும்பைத் தேய்க்கப் பேட்டரியில ஓடுற கிரைண்டர் இருக்கே அம்மணி,” என்றார் லயல்.

“இருக்கு. ஆனா அதுலயும் இரும்புத்தூள் விழும். லயல், காலையில நீங்க நம்பரைப் படிச்ச இடத்தைக் கொஞ்சம் தொட்டுக் காட்டுங்க.”

லயல் முழங்காலிட்டு, முன் வலதுசக்கரத்துக்குப் பின்னால், தேய்த்த இடத்தில் விரலை வைத்தார். காரிக்கும் தலையாட்டினான். பாடியில் பெயர் போட்டிருந்த கம்பெனியின் வண்டிகளில் நம்பர் அங்கேதான் இருக்கும். இந்த மாவட்டத்தில் குழந்தைகூட அந்த இடத்தைக் காட்டும்.

“நிச்சயமா இங்கதானா?”

“சத்தியமா.”

“விரலுக்குப் பக்கத்துல வெல்டிங் பத்தவச்ச தழும்பு ஒண்ணு இருக்கு பாருங்க. பாடியைத் தாங்குற பிடி. அந்தப் பத்தவைப்போட விளிம்பு, தேய்ச்ச இடத்து மேல வழிஞ்சு உட்கார்ந்திருக்கு. முதல்ல தேய்ப்பு, அப்புறம் பத்தவைப்பு. பத்தவச்சது யாரு?”

லயல் விரலை எடுத்துக்கொண்டார். “மார்ச்ல,” என்றாள் மெரின். அவள் குரல் அவளுக்கே யாரோ பேசியதுபோல் இருந்தது. “இவர்தான்.”

“ஆக மார்ச்லயே தேஞ்சுபோன இடத்துல, இன்னிக்குக் காலையில இவர் நம்பர் படிச்சிருக்கார். பூட்டின கொட்டகைக்குள்ள யாருமே வரல. குற்றம் எதுவும் இன்னிக்கு நடக்கவே இல்ல.”

காரிக்கின் பேனா நின்றது. “அப்ப நம்பர்?”

“எல்லாரும் பாடியைப் பார்த்துட்டு, அந்தக் கம்பெனி வழக்கப்படி தேடுறீங்க. சட்டத்துக்கு வண்டின்னா சேஸிஸ்தான். மேல இருக்கிறது சட்டை. இந்தச் சேஸிஸ் வேற கம்பெனி. அவங்க நம்பரைப் பின்சக்கரத்துக்கு மேல குத்துவாங்க. முன்னால தேய்ச்சது பிடியைப் பத்தவைக்கத்தான்; அங்க நம்பர் இருந்ததே இல்ல.”

பின்சக்கரத்துக்கு மேலே அந்த ஓரிடத்தில் மட்டும் தார் விரல் கனத்துக்குப் பூசியிருந்தது. வூலா மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கத் துடைக்கப் பதினேழு எழுத்தும் எண்ணும் வெளியே வந்தன. சான்றிதழில் இருந்தவை அல்ல.

சாட்டிலைட் போனில் பதில் வர ஆறு நிமிடம் ஆனது. இரண்டு வருடம் முன்பு வெள்ளத்தில் முழுகி, இனி எந்த ரோட்டிலும் ஓடவே கூடாது என்று ஒதுக்கப்பட்ட வண்டி. கழிவு ஏலத்தில் எடுத்தவர் பெயர் லயல் ஸ்ட்ரௌட்.

சான்றிதழ் பொய், இன்ஜினியரின் கையெழுத்தும் நானே போட்டதுதான் என்று லயல் சொன்னபோது மணி இரண்டு முப்பது. மறுக்கலாம். ஆனால் மறுத்துவிட்டுப் போக இடமில்லை.

“என் லைசென்ஸ்?” என்று கேட்டாள் மெரின்.

“உன்கிட்டயே இருக்கட்டும்,” என்றான் காரிக்.

வண்டியை நசுக்கத்தான் போகிறார்கள் என்றார் வூலா. ஆனால் பாடி மாற்றியதை மெரின் விண்ணப்பத்திலேயே ஒளிக்காமல் எழுதியிருக்கிறாள், ஏமாந்தவள் அவள்தான், அதை அறிக்கையில் எழுதுவேன் என்றார். முடிவு தலைமை அலுவலகத்தின் கையில்.

தண்ணீர் வடிய மூன்று நாள் ஆகும் என்று ரேடியோ சொன்னது. மூன்று நாளும் நான்கு பேருக்கும் சமைக்க ஒரே அடுப்பு, அதுவும் மெரினுடையது. சாயங்காலம் அவள் வாணலியோடு லயல் முன்னால் வந்து நின்றாள்.

“முட்டை எத்தனை?”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, “ரெண்டு,” என்றார்.

அவள் ஒன்று வைத்தாள்.