வானத்துக்கு இன்னொரு மூட்டை

வானம் நேற்றைவிடக் கனமாக இருந்தது.

நேற்று இதே கயிற்றை அவன் ஒரு கையால் இழுத்துக்கொண்டே மறு கையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்று இரண்டு கையையும் போட்டு, கால் கட்டைவிரலைத் தரையில் ஊன்றி, பல்லைக் கடித்து இழுக்க வேண்டியிருந்தது. வானம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நீலச் சாயம் அடித்த ஒரு படுதா. பாதியில் சாயம் தீர்ந்துபோனதால் ஓரத்தில் வெளுத்திருக்கும். அதை விடியல் என்று சொல்லிச் சமாளித்துவிட்டார்கள். படுதாவை ஓர் இரும்புக் குழாயில் கோத்து, குழாயைக் கயிற்றில் கட்டி, கயிற்றைக் கூரையிலிருந்த கப்பிகள் வழியாக ஓட்டி, மேடை ஓரத்து இருட்டில் அவன் கையில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். கயிற்றின் இந்த முனையில் படுதாவின் எடைக்குச் சமமாக மணல் மூட்டைகளை மாட்டிவிட்டால், வானத்தை ஏற்றி இறக்க மூளை தேவையில்லை. அதனால்தான் இதைத் தனக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று அவனுக்குச் சந்தேகம்.

நாடகப் பயிற்சியில் அவன் சேர்ந்தது நடிக்க. நடிப்பு என்ற பெயரில் இதுவரை செய்தது, மரமாக நின்றது, காற்றாக ஓடியது, பக்கத்தில் நின்றவன் முகத்தை வெறித்துப் பார்த்து அழ முயன்றது. அவனுக்கு அழுகை வரவில்லை, கொட்டாவிதான் வந்தது. அடுத்த வாரமே கயிற்றுக்கு அனுப்பிவிட்டார் சார்.

"மேடையில நிக்கிறவனுக்குத் தலைக்கு மேல என்ன தொங்குதுன்னு தெரியணும்ப்பா. எல்லாரும் எல்லா வேலையும் கத்துக்கணும்" என்பார். அவர் கற்றுக்கொண்ட வேலை, நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காருவது.

கயிற்று வேலையில் இருந்தது ஒரே சட்டம். பாரம் மாறினால் வாய்விட்டுக் கத்த வேண்டும். "பாரம்!" என்று ஒருவன் கத்திவிட்டால் ஒத்திகை அப்படியே நிற்கும். மேடை காலியாகும். குழாயைத் தரைவரை இறக்கிப் பார்த்த பிறகுதான் அதன் கீழே யாரும் நடக்கலாம். சில வருடங்களுக்கு முன் ஒருத்தன் கத்தினான். இறக்கிப் பார்த்தால், கூரை ஒழுகி நனைந்த துணி. அன்று முதல் அவன் பெயர் ஈரத்துணி. படிப்பு முடிந்து, வேலைக்குப் போய், கல்யாணப் பத்திரிகை அனுப்பினான். "யாருடா இது?" என்று பெயரைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, "அட, ஈரத்துணி!" என்றார்கள்.

கயிற்றில் ஒரு குறையும் இல்லாமல் இந்த நாடகம் முடிந்தால் அடுத்ததில் முக்கிய வேடம் என்று சார் வாக்குக் கொடுத்திருந்தார். அதனால், வானம் கனத்தும் அவன் கத்தவில்லை. மூலையிலிருந்து ஒரு மணல் மூட்டையை எடுத்துவந்து கொக்கியில் மாட்டினான். வானம் சொன்ன பேச்சைக் கேட்டது.

மறுநாள் இன்னொரு மூட்டை. அதற்கு மறுநாளும்.

மேடை நடுவில், வானத்துக்கு நேர் கீழே, தங்கச்சி நின்றாள். கூடப் பிறந்தவள்தான். 'அண்ணன் போறான்ல, துணைக்கு நீயும் போய்ட்டு வா' என்று அம்மா அனுப்பிவைத்தவள், வந்த வேகத்தில் கதாநாயகியாகிவிட்டாள். வீட்டில் பல்லி விழுந்தால் தெருவையே கூட்டுகிறவள், மேடையில் புருஷன் செத்த சேதி வந்தால் ஆடாமல் அசையாமல் நிற்பாள். இதற்குப் பெயர் அடக்கமான நடிப்பாம். கடைசிக் காட்சியில், அவள் அப்படி நிற்க நிற்க, வானம் மெல்ல இறங்கி அவள் தலைக்கு மேல் கைக்கெட்டும் உயரத்தில் வந்து நிற்க வேண்டும். சார் எழுதிய நாடகம். அர்த்தம் கேட்கக் கூடாது.

மேடையின் ஓரத்தில் எப்போதும் வெயிலறியாத இடத்தின் வாடை இருக்கும். பழைய பலகை, காய்ந்த பசை, வேர்வை ஊறிய துணி. அன்று மதியம் அதற்கு நடுவே வேறொன்று வந்தது. நெடுநாள் படுக்கையில் கிடந்தவரின் தலையணையை எடுத்தால் வருமே, எண்ணெயும் தலைச்சூடும் கலந்த அந்த வாடை. மேலேயிருந்து வந்தது. அண்ணாந்து பார்த்தான். விளக்குகளுக்கு மேலே இருட்டு. இருட்டில் குழாய். குழாயில் படுதா. வேறெதுவும் இல்லை.

கிறீச்.

குழாயின் இடது கோடியில் சத்தம் வந்தது. தங்கச்சி வசனம் பேசியபடி வலது பக்கம் நடந்தாள். சத்தமும் குழாய்மேலேயே நகர்ந்து, நடுவுக்கு வந்து, வலது கோடிக்குப் போய் நின்றது. அவள் திரும்பினாள். அதுவும் திரும்பியது.

"என்ன ஹீரோ, வானம் ஏறமாட்டேங்குதா?"

திடுக்கிட்டதில் கயிறு கையைவிட்டு நழுவப் பார்த்தது. பின்னால் பசை நின்றிருந்தாள். வீடு, சுவர், ஜன்னல் என்று மேடைக்கு வேண்டிய தட்டிகளை ஒட்டுகிறவள். கைகுலுக்கினால் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதால் அந்தப் பெயர்.

"மூட்டை எல்லாத்தையும் நீயே மாட்டிக்கிட்டா நான் தட்டியை எதை வச்சு நிறுத்துறது?" என்றவள், கொக்கியில் தொங்கிய மூட்டைகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அடப்பாவி, ஒரு ஆள் கனத்துக்கு மாட்டியிருக்க. மேல யாரைக் கட்டித் தொங்கவிட்ட?"

"உன்னை மாதிரி வெட்டியா கேள்வி கேட்டவளை."

"அப்ப நல்லா இறுக்கிக் கட்டு. விழுந்துடப் போறா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. விறைத்து நின்ற கயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்தான். மெல்லிய துடிப்பு. தன்னுடைய நாடிதான் என்று எண்ணிக்கொண்டு மறு கையைக் கழுத்தில் வைத்துப் பார்த்தான். கழுத்தில் அது வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. கயிற்றில் நிதானமாக, அவசரமே இல்லாமல், வேறொன்று துடித்தது. மேடையில் தங்கச்சி பேச ஆரம்பித்தாள். துடிப்பு நின்றது. அவள் பேசி முடிக்கும்வரை நின்றேயிருந்தது. முடித்ததும் மறுபடி தொடங்கியது.

கேட்டுக்கொண்டிருக்கிறது.

அன்று சாயந்திரம் வீட்டுக்கு நடக்கும் வழியில் சொல்லிப் பார்த்தான்.

"நாளைக்குக் கடைசிக் காட்சியில நடுவுல நிக்காத. கொஞ்சம் முன்னாடி தள்ளி நில்லு."

"ஏன்?"

"வானம் கனக்குது."

அவள் நின்று அவனை மேலும் கீழும் பார்த்தாள். "முன்னாடி நின்னா முகத்துல வெளிச்சம் விழாதுண்ணா. அதுதானே வேணும் உனக்கு?"

"லூசு மாதிரி பேசாத. மேல என்னவோ இருக்குடி."

"இருக்கு, பொறாமை. ஆனா அது மேல இல்ல." இரண்டடி முன்னால் போய்விட்டுத் திரும்பினாள். "அப்படிப் பயமா இருந்தா 'பாரம்'னு கத்து. யார் வேணாம்னா?"

அவனுக்குச் சார் முகம் நினைவுக்கு வந்தது. ஈரத்துணி நினைவுக்கு வந்தான். இறக்கிப் பார்த்து அங்கே ஒன்றுமே இல்லையென்றால், அவனுக்கு என்ன பெயர் வைப்பார்களோ. அதைத் தங்கச்சியே வைப்பாள்.

நாடக நாளன்று அரங்கு நிறைந்துவிட்டது. வந்தவர்கள் எல்லாம் நடிக்கிறவர்களைப் பெற்றவர்கள். கலை ரசிகர்கள் என்று சார் அறிவித்தார். முன் வரிசையில் அம்மா கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தாள். நாடகம் தொடங்குவதற்கு முன்பே அழத் தயார். அவன் மீதி இருந்த மூட்டைகளையும் கொக்கியில் மாட்டியிருந்தான். போதவில்லை. கயிற்றைக் கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றி, உடம்பை முழுக்கச் சாய்த்துப் பிடித்திருந்தான். உள்ளங்கையில் தோல் கழன்று பிசுபிசுத்தது. தலையணை வாடை இப்போது மூக்கில் இல்லை, வாய்க்குள் இருந்தது.

கடைசிக் காட்சி. தங்கச்சி நடுவில் வந்து நின்றாள். மிகச் சரியாக நடுவில்.

சார் எதிர் ஓரத்திலிருந்து கட்டைவிரலைக் கவிழ்த்துக் காட்டினார். இறக்கு.

கயிற்றை விட்டான். கொஞ்சம். இன்னும் கொஞ்சம். வானம் இறங்கியது.

கிறீச். இடது கோடியில்.

கிறீச். நகர்ந்தது.

நடுவுக்கு வந்தது.

நின்றது.

கயிற்றில் துடிப்பு வேகம் பிடித்தது. ஆசையோடு. கத்து, என்றது அவன் தொண்டை. ஒரே ஒரு சொல். வாயைத் திறந்தான். அரங்கு அவ்வளவு அமைதியாக இருந்தது. ஒரு இருமல்கூட இல்லை. அம்மா கைக்குட்டையை வாயில் வைத்திருந்தாள். சார் கண்களை மூடி, தன் நாடகத்தைத் தானே ரசித்துக்கொண்டிருந்தார்.

வாயை மூடிக்கொண்டான்.

படுதா அவள் தலைக்கு மேல் வந்து நின்றது.

தொப். தொப். தொப்.

மணல் மூட்டைகள் அத்தனையும் அவன் காலடியில் வந்து விழுந்தன. வானம் விருட்டென்று மேலே பறந்து கூரையில் மோதியது. கயிறு கையில் நூல்போலத் தொய்ந்தது. எடையே இல்லை. துடிப்பு இல்லை. வாடையும் இல்லை. அண்ணாந்து பார்த்தான். வெறும் துணி, லேசாக ஆடிக்கொண்டிருந்தது. எதுவும் விழவில்லை. ஒரு மூச்சு விட்டான். அந்த ஒரு மூச்சுதான்.

மேடைப் பலகை முனகியது.

தங்கச்சியின் முழங்கால் மடிந்தது. கொஞ்சம்தான். பிறகு நிமிர்ந்தது, நடுங்கிக்கொண்டு. அவள் தோளில் சட்டைத் துணி இரண்டு இடத்தில் குழிந்தது. உச்சந்தலை முடி தானாகப் படிந்தது, எழுந்தது, தள்ளிப் படிந்தது. வாகான இடம் தேடுகிறவர்கள் அப்படித்தான் அசைந்து அசைந்து உட்காருவார்கள்.

அவள் கடைசி வசனத்தைச் சொன்னாள். குரல் அடி வயிற்றிலிருந்து, நசுங்கி வந்தது.

"பாருங்கடா" என்று எதிர் ஓரத்தில் சார் யாரிடமோ கிசுகிசுத்தார். "துக்கத்தை எப்படி முதுகுல தூக்குறா, பாருங்கடா!"

ஓரடி எடுத்து வைத்தாள். பலகை வளைந்தது. இன்னோரடி. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. கண்ணை மட்டும் அவன் பக்கம் திருப்பினாள். உதடு அசைந்தது. அண்ணா.

"பாரம்!" என்று கத்தினான். "பாரம்! பாரம்!"

அம்மா அழுதபடி எழுந்து கைதட்டினாள். அவளைப் பார்த்து அந்த வரிசை எழுந்தது. பிறகு அரங்கே எழுந்தது. அவன் குரல் அவன் காதுக்கே எட்டவில்லை. ஓட நினைத்தான். காலடி மூட்டைகளில் தடுக்கி முழங்காலில் விழுந்தான்; அங்கிருந்தே பார்த்தான்.

தங்கச்சி கூட்டத்தைப் பார்த்துக் குனிந்தாள். வணக்கம் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். இடுப்புவரை குனிந்தாள். முழங்கால்வரை குனிந்தாள். அதற்கு மேல் குனிய உடம்பில் வழி இல்லாத இடத்துக்கு வந்த பிறகும், ஏதோ ஒன்று உள்ளே பட்டென்று ஒடிந்து வழி கொடுக்க, கைதட்டல் ஓயாத அந்த வெளிச்சத்தில் அவள் குனிந்துகொண்டே போனாள்.