இரண்டு பக்கமும் தட்டணும்

ஃபிஜித் தீவு லம்பாசா ஊரின் சர்க்கரை மில் சங்கு அன்று சாயங்காலம் ப்ரேமிலாவுக்கு இரண்டு தடவை கேட்டது. பாகு காயும் வாடையோடு ஜன்னல் வழியாக ஒரு தடவை, மறுநொடியே, ஆக்லாந்திலிருந்து கணவன் பேசிக்கொண்டிருந்த ஹெட்போன் வழியாக இன்னொரு தடவை.

"என்னாங்க, அங்கேயும் சங்கு ஊதுதா?"

"எக்கோ," என்றான் ஷைலேந்திரா.

சரி, எக்கோதான் என்று விட்டுவிட்டாள். ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்ததும் கம்ப்யூட்டர் கடையை மூடிவிட்டு அவன் நியூசிலாந்து போனவன். அவளுக்கு இன்னும் விசா வரவில்லை. கரும்பு லாரிகள் போவதும், அக்கம்பக்கத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாவதும் அவள் மனதில் உறைப்பதே இல்லை. மரத்துப்போய்க் கிடந்தவளுக்கு இந்தக் குரல் ஒன்றுதான் மிச்சம்.

நடுவில் யாருமில்லாமல் இரண்டு கம்ப்யூட்டரும் நேராகப் பேசிக்கொள்ள அவனே எழுதிய புரோகிராம் அது. "நம்ம ரூட்டர் பொட்டி வெளியாளை உள்ளே விடாது, ப்ரேமி. உள்ளேருந்து நீ தட்டணும், அதே நேரம் நானும் தட்டணும். அப்பத்தான் வழி தொறக்கும்," என்று சொல்லிக்கொடுத்திருந்தான். விளக்கேற்றியதும் தினமும் பட்டனைத் தட்டுவாள்.

மேஜைமேல் டெலிபோன் அடித்தது. ஹெட்போனை ஒரு காதில் மட்டும் ஒதுக்கிக்கொண்டு எடுத்தாள்.

"ப்ரேமி, நான்தான். கோவிச்சுக்காதே. போன வாரமே லேப்டாப் திருடு போயிடுச்சு. இப்பத்தான் போன் கார்டு கெடைச்சது. தினம் தட்டித் தட்டிப் பார்த்திருப்பே, பாவம்."

தட்டினாள். தினமும் திறந்தது.

"என்னாங்க..." என்றாள். அவள் சொன்னது ஹெட்போனிலும் கேட்டது. அமுங்கி, மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பதுபோல.

கம்ப்யூட்டரிலிருந்து ரூட்டருக்குப் போன ஒரே ஒயரைப் பிடுங்கினாள். ஒரு விளக்கு அணைந்தது. பக்கத்துத் துளையின் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. அந்தத் துளையில் ஒயரே கிடையாது.

"சாப்ட்டியா, ப்ரேமி?" என்றது ஹெட்போன்.

"யாரு அது? வீட்ல யாரு?" என்று டெலிபோனில் கணவன் கத்தினான். "வெளியே போ ப்ரேமி!"

பக்கத்து அறை. நியூசிலாந்துக்குக் கட்டிவைத்த பெட்டிகள். மூடிய கதவு.

உள்ளேயிருந்து தட்டும் சத்தம். மெதுவாக.

ஓட வேண்டும். கால் வரவில்லை. பயமும் வரவில்லை. ஒரு வாரமாகச் சாப்பிட்டாயா என்று கேட்டது இதுதான். வேறு யாரும் கேட்கவில்லை.

டெலிபோனை வைத்தாள். கதவருகே போனாள்.

மறுபடி தட்டியது. அதே நேரம் அவளும் தட்டினாள்.

கைப்பிடி உள்ளேயிருந்து திரும்பியது.