மூன்றில் ஒரு பங்கு, எதில்?

காலை பத்தரை மணிக்கு வாசனைப் பட்டறையின் முதலாளி பீங்கான் ஜாடியைத் திறந்து முகர்ந்தார். ரோஜா எண்ணெய் போன இடம் தெரியவில்லை. உள்ளே இருந்தது மட்டமான சமையல் எண்ணெய்.

பதினொரு மணிக்கு இன்ஸ்பெக்டர் அம்மா வந்து இறங்கினார். கூடவே ஏட்டும் வந்தார். எல்லோரும் கைகாட்டிய, வாசனை எண்ணெய் கலக்கும் கலவைக்காரி அந்த ஏட்டின் சொந்தத் தங்கை. திருட்டுப் பட்டம் ஒட்டினால் எந்தப் பட்டறையும் அவளை வாசற்படி ஏற்றாது.

"ஏட்டய்யா, உங்க தங்கச்சி விஷயம், நீங்க வாயைத் திறக்கக் கூடாது" என்று இன்ஸ்பெக்டர் காதோடு சொன்னார்.

"சரிங்க மேடம்."

அறைச் சாவி மூன்று பேரிடம்: முதலாளி, புதிதாக மேனேஜராகச் சேர்ந்த அவருடைய மச்சினன், கலவைக்காரி. பன்னிரண்டு கோடு போட்ட குச்சியை விட்டுத்தான் ஜாடியை அளப்பார்கள். நேற்று மாலை ஒன்பது கோடு, அதாவது முக்கால் ஜாடி. இன்று காலை கலவைக்காரி தன் வேலைக்கு எடுத்துக்கொண்டு, "மூணுல ஒரு பங்கு எடுத்துட்டேன்" என்று மற்ற இருவருக்கும் போனில் சொல்லியிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் குச்சியை விட்டுப் பார்த்தார். ஐந்து கோடு நனைந்தது.

"எவ்வளவு இருக்கணும், சார்?"

மேனேஜர் யோசிக்கவே இல்லை. "முக்கால்ல மூணுல ஒண்ணு போனா பன்னண்டுல அஞ்சு. அளவு பிசகாம மாத்தி வைக்க அவளாலதான் முடியும்."

"நீ எவ்வளவு மிச்சம் வெச்சேம்மா?"

"ஆறு கோடு, மேடம்."

"அஞ்சுதானே இருக்கு?"

"நான் ஆறு வெச்சுட்டுத்தான் பூட்டினேன்."

அஞ்சுன்னு சொல்லித் தொலையேன்டி என்று ஏட்டு மனசுக்குள் கெஞ்சினார்.

இன்ஸ்பெக்டர் முதலாளியிடம் திரும்பினார். "உங்க பட்டறையில மூணுல ஒரு பங்குன்னா எதுல?"

"ஜாடியில என்ன இருக்கோ அதுல. முழு ஜாடியை இங்க யாரு பாக்கறா?"

இன்ஸ்பெக்டர் மேனேஜரைப் பார்த்தார்.

"அப்போ முக்கால்ல மூணுல ஒரு பங்குன்னா கால். முக்கால்ல கால் போனா நாலுல ரெண்டு, சுருக்கினா அரை. ஆறு கோடு. இவ திருடியிருந்தா ஆறுதான் ஊத்தியிருப்பா. முதலாளிக்கும் இந்தப் பேச்சு அத்துப்படி. முழு ஜாடியில மூணுல ஒண்ணைக் கழிச்சது நீங்க ஒருத்தர்தான், சார். உங்க ரூம்ல இன்னொரு ஜாடியில அஞ்சு கோடு ஊத்தி, கொண்டுவந்து மாத்திட்டீங்க. மூடியைத் திறந்து பாக்கக்கூட பொறுமை இல்ல. கழித்தல் சரிதான். எதுல பங்குங்கறதுலதான் கோட்டை விட்டுட்டீங்க."

மேனேஜரின் அலமாரியில் அசல் ஜாடி கிடைத்தது. குச்சி விட்டால் சரியாக ஆறு கோடு. மேனேஜர் தலை தொங்கிப்போனது.

"இப்பப் பேசலாம், ஏட்டய்யா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஏம்மா, எல்லாரும் அஞ்சுங்கறப்ப ஆறுலயே நிக்கறியே, பயமா இல்லையா?"

"இருந்துச்சுண்ணா. அதுக்காக ஆறை அஞ்சுன்னு சொல்ல முடியுமா?"

ஏட்டுக்குப் பெருமை பிடிபடவில்லை. பட்டறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "பாத்தீங்களா மேடம், இவ என் தங்கச்சி!"