தெல்லிப்பழைக்குப் போகிறவர்கள்

“இண்டைக்குப் பயண ஜெபத்திலை அண்ணையின்ரை பேரைச் சொல்லக் கூடாது, அம்மா.”

சொல்லிவிட்டாள் ஜொய்சி. இந்த வீட்டில் வேறு எதையும் வாய் திறந்து கேட்கலாம், சண்டை பிடித்தும் கேட்கலாம், இதை மட்டும் அம்மாவிடம் கேட்டுவிடாதே என்று அப்பா கெஞ்சாத குறையாகச் சொல்லிவைத்திருந்தார். அவளும் இவ்வளவு காலம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். இன்றைக்கு முடியவில்லை.

நேசம்மா நிமிரவில்லை. மேசையில் பரப்பிய பழைய வெள்ளைச் சேலைத் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தடவி மடித்து, பிறந்த பிள்ளையின் சட்டைகளோடு பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கரண்ட் இல்லை. கார்த்திகை மழை விடியற்காலையில் பிடித்தது விடவே இல்லை. பின்னேரம் நாலு மணிக்கே வீட்டுக்குள் மைம்மல் இருட்டு இறங்கி, மூலைகளில் இருந்த சாமான்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. சுவரில் ஈரம் ஊறிய சுண்ணாம்பு மணம், குசினியில் பிள்ளை பெற்றவளுக்கென்று வறுத்து இடித்த சரக்குத்தூளின் காரம், அவற்றுக்கெல்லாம் அடியில், கார் நிற்கிற போட்டிக்கோப் பக்கத்துக் கதவிடுக்கால் மெல்ல நுழைந்துகொண்டிருந்த இன்னொரு மணம். உப்பு. சேறு. அழுகின பாசி. கந்தர்மடத்தில் கடல் இல்லை.

“நீ ஒண்டும் சொல்லேல்லை,” என்றாள் நேசம்மா. “எனக்கு ஒண்டும் காதிலை விழேல்லை.”

கந்தர்மடத்திலிருந்து தெல்லிப்பழைக்கு அரை மணித்தியால ஓட்டம். கே.கே.எஸ். வீதியில் ஏறினால் நேர்ச் சாலை. அக்கா மிரியத்துக்கு அங்கே ஆஸ்பத்திரியில் வயிற்றை வெட்டிப் பிள்ளை எடுத்திருந்தது. இன்றைக்கு ரிக்கற் வெட்டி வீட்டுக்கு விடுகிறார்கள். அக்காவின் புருஷன் ஜெரிசன் கட்டாரில். அவன் வாங்கிவிட்ட சின்ன வகன்ஆர் கார் போட்டிக்கோவில் நிற்கிறது. போய்க் கூட்டிக்கொண்டு வருவதுதான் வேலை. அதற்குப் போய்க் காலையிலிருந்து திட்டம். எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது, சுன்னாகச் சந்தியில் வெங்காய லொறிகள் மறித்து நிற்குமா, மழைக்குள் எந்தப் பள்ளத்தை எப்படி விலத்துவது, தையல் நோகாமல் அக்காவை எப்படி இறக்கி ஏற்றுவது. எல்லாம் கதைத்தாயிற்று. ஆர் எந்தச் சீற்றில் இருப்பது என்பதைத் தவிர.

காலையில் காரைக் கூட்டித் துடைத்தது ஜொய்சிதான். பின்னால் அக்கா கால் நீட்டட்டும் என்று முன் இடப்பக்கச் சீற்றை முழுதாக முன்னுக்கு இழுத்துவிட்டுக் காரைப் பூட்டினாள். மத்தியானம், நித்திரையாய்க் கிடந்த அப்பாவின் சேட்டுப் பொக்கற்றிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு தலையணை வைக்கப் போனபோது, சீற்று பின்னுக்குப் போயிருந்தது. கடைசிப் பல் வரைக்கும். நெடிய ஆள் ஒருத்தர் ஏறி இருந்து, காலுக்கு இடம் காணாமல் தள்ளிவிட்டது மாதிரி.

அண்ணை ஜஸ்ரின் நெடியவன். அவளுக்கு அவனைப் பற்றி அதுதான் ஞாபகம். முகம் இல்லை. உயரந்தான். இரண்டாயிரத்தொன்பது வைகாசியில், சண்டை முடிகிற நேரம், வட்டுவாகல் கடல்நீரேரியில், கழுத்தளவு தண்ணீருக்குள் சனத்தோடு சனமாக வந்தபோது அவள் அவனுடைய தோளில் இருந்தாள். கரையில் அவளை இறக்கி அம்மாவின் கையில் கொடுத்தான். பின்னால் தண்ணீருக்குள் ஒரு கைக்குழந்தை கத்தியது, ஆர் பெற்றதோ. தூக்கிக்கொண்டு வாறன் அம்மா என்று சொல்லிவிட்டுத் திரும்பி இறங்கினான். கொஞ்ச நேரத்தில் குழந்தையின் கத்தல் நின்றது. அவன் வரவில்லை.

அவர்களுடைய சபையில் செத்தவர்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் இல்லை. செத்தவன் கர்த்தருடைய கையில். அதற்குப் பிறகு கேட்க ஒன்றும் இல்லை. ஆகவே நேசம்மா அவனைச் சாக விடவில்லை. வீட்டிலும் இல்லை, குழியிலும் இல்லை என்றால் அவன் வழியில்தானே இருக்க வேண்டும்? இந்தக் குடும்பம் பக்கத்து ஊருக்குப் போவதென்றாலும் ஜெபம் பண்ணாமல் வெளிக்கிடாது. போகிற ஒவ்வொருவரின் பேரையும் சொல்லி ஆண்டவரிடம் ஒப்புக்கொடுக்கும். அந்தப் பேர்களின் கடைசியில் நேசம்மா அவனுடைய பேரையும் வைத்தாள். ஒவ்வொரு பயணத்துக்கும் வைத்தாள். பஸ்ஸில் போய் வந்த காலத்தில் அது வெறும் பேராகத்தான் இருந்தது. கார் வந்த பிறகு அந்தப் பேருக்கு ஒரு சீற்றுத் தேவைப்பட்டது.

ஜொய்சியின் பட்டமளிப்புக்குப் போன நாளிலும் அப்பாவுக்குப் பக்கத்து முன்சீற்றில் ஒருவரும் இல்லை. இந்தப் பரம்பரையிலேயே கம்பஸ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். கறுப்புக் கவுணைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, பின்னால் அம்மாவுக்கும் நிறைமாதத்தை நெருங்கிய அக்காவுக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு போனாள். உயிரோடு இருக்கிறவள் நசுங்கலாம். அந்தச் சீற்று நசுங்கக் கூடாது. அன்றைக்குத்தான் அது முதன்முதலில் கத்தியது: பெல்ற் போடாமல் இருக்கிற ஆளுக்காகக் கார் போடுகிற கீச்சுச் சத்தம். வெறும் சீற்று. கீச், கீச், கீச். பழைய கார், வயர் எங்கேயோ பழுது என்று அவள் வாய் திறக்க முதல், அம்மா பின்னாலிருந்து எக்கி, பெல்ற்றை இழுத்து, வெறுமைக்கு மேலால் கொண்டுபோய்க் கொழுவினாள். சத்தம் நின்றது. ஜொய்சி பார்த்துக்கொண்டே இருந்தாள். பெல்ற் சீற்றோடு ஒட்டிப் படியவில்லை. ஒரு நெஞ்சளவு தள்ளி நின்றது. மெல்ல எழும்பி, மெல்லத் தாழ்ந்தது.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து கோயிலால் திரும்பும்போது, மருதனார்மடச் சந்தியில் இடப்பக்கம் வாகனம் வருகிறதா என்று பார்க்க அப்பா ஸ்ரியறிங்குக்கு மேலால் முன்னுக்கு வளைந்தார். பக்கத்தில் இருக்கிற ஆளின் தலை மறைத்தால் வளைகிற மாதிரி. “கொஞ்சம் சாய் தம்பி,” என்றார். வாய்க்குள்தான் சொன்னார். பிறகு நிமிர்ந்து இருந்து, வடிவாகப் பார்த்து, காரை எடுத்தார்.

அப்பா கிருபைரட்ணம் வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் லொறி ஓடிய மனிசன். எதற்கும் பயப்படாதவர் என்று அவள் நம்பியிருந்தவர். அன்றிரவு அவரை மறித்துக் கேட்டபோது, முதலில் தனக்கும் பயமாகத்தான் இருந்தது, பிறகு பழகிப்போய்விட்டது, இப்போது பக்கத்தில் ஆள் இருக்கிற நினைப்போடு ஓடுவது சுகமாக இருக்கிறது என்றார். அவன் ஒருவரையும் ஒன்றும் செய்யவில்லையே என்றும் சொன்னார்.

இப்போது அவர் மேசைக்கு அந்தப் பக்கம், சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். ஜொய்சியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வேண்டாம், விடு.

அவள் விடவில்லை.

“சரி. அப்ப சொல்லுங்கோ. ஆர் எங்கை இருக்கிறது?”

நேசம்மா நிதானமாகச் சொன்னாள். அப்பா ஓடுவார். மிரியத்தைப் பின்னால் சரித்துப் படுக்க வைக்க வேண்டும், அவளுடைய தலை தன்ரை மடியில். அதோடு பின்சீற்று முடிந்தது. ஜொய்சி வீட்டில் நின்று சுடுதண்ணி வைக்கலாம். வரத்தான் வேண்டும் என்றால் பஸ் ஓடுகிறது.

“பிள்ளை?”

அம்மாவின் கை சேலைத் துண்டில் நின்றது.

“பிள்ளையை ஆர் வைச்சிருக்கிறது எண்டு கேட்டனான்.”

“முன்னுக்குத்தான் இடம் கிடக்கே.”

“முன்னுக்கு ஆர், அம்மா?”

நேசம்மா இப்போதுதான் நிமிர்ந்தாள். அவளுடைய முகத்தில் கோபம் இல்லை. கலியாண வீட்டுக்கு வெளிக்கிடுகிறவளின் முகம்.

“அவன் பிள்ளை தூக்கத்தானே தண்ணிக்குள்ளை திரும்பிப் போனவன். இவ்வளவு காலமும் பாவம், வெறுங்கையோடை வந்து போறான்.”

மழை கூரையில் ஒரே மாதிரி விழுந்துகொண்டிருந்தது. ஜொய்சி அப்பாவைப் பார்த்தாள். அவர் சாவியைப் பார்த்தார்.

“அப்பா, நீங்கள் உதுக்கு ஓமோ?”

“அவள் காலமையே அவனட்டைச் சொல்லிப் போட்டாள், பிள்ளை.” என்றார் அவர். “இப்ப இல்லை எண்டு சொல்லேலாது. காலமை தொடக்கம் வந்து இருக்கிறான்.”

அவள் அறைக்குள் போய் அக்காவுக்குப் போன் எடுத்தாள். மூச்சு வாங்க, முழுதையும் சொன்னாள். மிரியம் தையல் நோகுது, சிரிக்க வைக்காதே என்றாள். அம்மா துக்கத்தில் கதைக்கிறவள், கதைத்துவிட்டுப் போகட்டும். கட்டிலுக்கு அடுத்த ஆள் வந்து காத்துக்கொண்டு நிற்கிறது, கெதியாக வாருங்கோ. “சயன்ஸ் படிச்சனியெடி நீ. கோழிக்குஞ்சு மாதிரி நடுங்குறாய்.” பின்னால் பிள்ளை அழுதது. பிறந்து ஒரு கிழமை ஆகாத அழுகை. பசியா குளிரா என்று அதற்கே தெரியாத, மெல்லிய, கிழிந்த அழுகை. அக்காவுக்கு வேறு கார் பிடிக்க ஆள் இல்லை. அவள் இந்தக் காரில்தான் ஏறுவாள். பிள்ளையை அம்மா கேட்டால் கொடுப்பாள். அம்மா அதை முன்னுக்கு நீட்டுவாள்.

ஜொய்சி திரும்பி வந்தபோது இருவரும் மேசையருகே தலை குனிந்து நின்றார்கள். நேசம்மா முக்காடு போட்டிருந்தாள்.

“வா. நேரம் போகுது. ஜெபம் பண்ணுவம்.”

கண்ணை மூடி நிற்பதுதான் பழக்கம். ஆமென் சொல்லுமட்டும் ஒருவரும் அசையக் கூடாது. ஜொய்சி நின்றாள். கண்ணை மூடவில்லை. பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே என்று அம்மாவின் குரல் எழும்பி, மழையைத் தள்ளிக்கொண்டு நடந்தது. போக்கையும் வரத்தையும் காத்தருளும். சந்திகளில் காத்தருளும். உமது அடியான் கிருபைரட்ணத்தை ஒப்புக்கொடுக்கிறோம். அடியாள் நேசம்மாவை ஒப்புக்கொடுக்கிறோம். மகள் மிரியத்தை. இன்னும் பேர் வைக்காத அந்தப் பச்சை மண்ணை.

ஒரு மூச்சு விட்டாள்.

மகன் ஜஸ்ரினை.

போட்டிக்கோவில் கிறீச்சென்றது. பெரிய சத்தம் இல்லை. நல்ல பாரமான ஆள் ஒருத்தர் சீற்றில் நிமிர்ந்து இருக்கும்போது கார் ஒரு பக்கம் பதிகிற சத்தம்.

கதவு திறந்துதான் கிடந்தது. ஜொய்சி பார்த்தாள். கார் இடப்பக்கம் சரிந்து நின்றது. மற்றக் கண்ணாடிகள் எல்லாம் தெளிவு. முன் இடப்பக்கக் கண்ணாடி மட்டும் உள்ளால் பனி மூடினது மாதிரிப் புகார் பிடித்திருந்தது. மூச்சுப் பட்டு. அது ஒரு வட்டமாக அகன்றது. சுருங்கியது. அகன்றது.

புகாரின் கீழ்க்கரையில் ஏதோ வெளிறித் தெரிந்தது. இரண்டு. உள்ளங்கை மேல்நோக்கி. ஒன்றன்மேல் ஒன்று. நீரில் ஊறிச் சுருங்கின தோல்.

பிள்ளையை வாங்க வைத்துக்கொண்டு இருக்கிற கை.

அவளுக்கு நெஞ்சுக்குள் பயம் ஒரு பக்கம் அடித்தது, கோபம் மற்றப் பக்கம் அடித்தது. கோபந்தான் முந்தியது. எப்பவும் அதுதான் முந்தும். செத்தவனுக்கு இடம் விட்டு விட்டு இந்த வீட்டில் உயிரோடு இருக்கிறவர்கள் எல்லாரும் ஒடுங்கிப் போனார்கள். இனி ஒரு பச்சைக் குழந்தையுமா? சீற்று வெறுமையாக இருந்தால்தானே அவன் இருப்பான். இருந்தால்தானே மடி. மடி இருந்தால்தானே பிள்ளை.

முடிவு வந்துவிட்டது. யோசிக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

ஆமென் வர முதலே நடந்தாள். அம்மாவின் குரல் ஒரு கணம் இடறியது. நிற்கவில்லை. அப்பா கண்ணைத் திறந்தார்.

“ஜொய்சி. அதிலை போகாதை.”

அவள் வாசலைத் தாண்டினாள். சாரல் முகத்தில் அடித்தது. மத்தியானம் அவள் பூட்டாமல் விட்ட இடப்பக்கக் கதவின் பிடி பனி மாதிரிக் குளிர்ந்தது. இழுத்தாள். உப்பும் சேறும் அழுகின பாசியும் குப்பென்று முகத்தில் அறைந்தன. உள்ளே சீற்று. வெறும் சீற்றுத்தான். சாம்பல் நிறத் துணி. ஒருவரும் இல்லை.

முதுகைத் திருப்பினாள். தலையைக் குனிந்தாள். இருந்தாள்.

சீற்று தட்டுப்படவில்லை.

அதற்கு மேலே, சீற்றுக்கு ஒரு சாண் மேலே, இரண்டு முழங்கால். எலும்பு. பாவாடையால் தண்ணீர் ஊறியது.

அவள் எழும்பவில்லை. பற்கள் அடித்துக்கொண்டன. கதவை இழுத்துச் சாத்தினாள். கைபிடியைச் சுற்றிக் கண்ணாடியை இறக்கி, வாசலில் உறைந்து நின்ற இருவரையும் பார்த்துச் சொன்னாள்.

“பிள்ளையை நீங்கள் வைச்சிருங்கோ, அம்மா. போகேக்கையும் வரேக்கையும் இதிலை நான்தான் இருப்பன். அப்பா, காரை எடுங்கோ.”

ஒருவரும் அசையவில்லை.

பின்னால், காதுக்குக் கிட்ட, தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு மூச்சு. பிறகு கை. ஈரமான ஓர் உள்ளங்கை அவளுடைய பிடரியின் கீழ் மெல்ல நுழைந்து, கழுத்து நிற்காத பிள்ளையைத் தாங்குவது போலத் தலையைத் தாங்கியது. மற்றக் கை முழங்கால்களுக்குக் கீழால் வந்தது. அவளை நெஞ்சோடு அணைத்தது. இறுக்கியது.

சாவி அப்பாவின் கையில்தான் இருந்தது. எஞ்சின் ஓடவில்லை. கார் மெதுவாக, ஒரு சீராக, தொட்டில் மாதிரி ஆடத் தொடங்கியது.