பதினொன்றாவது பழுப்புக் குதிரை

மாஸ்கோ, 1945 ஜூன் 24. காலை 6.10.

வெற்றி அணிவகுப்புக்கு நான்கு மணி நேரம்கூட இல்லை. பத்திரிகைகளில் படமாக வந்து நாடே அறிந்திருந்த, தளபதி ஏறி வர வேண்டிய வெள்ளைக் குதிரை ஓரியோலைக் காணோம்!

"தூங்கிட்டியா, இல்ல வித்துட்டியா?" லாயக்காரர் யெஃபீமைப் பார்த்துக் கர்னல் கத்தினார். "எட்டு மணிக்குள்ள குதிரை வரலைன்னா ராணுவக் கோர்ட்டுதான் உனக்கு!"

குதிரை வைத்தியர் கேப்டன் ரயீசா அது பொறுக்காமல் தானே தேடக் கிளம்பினாள். போர் முழுக்க அந்தக் குதிரையைப் பெற்ற பிள்ளையாக வளர்த்தவர் யெஃபீம்.

6.25. வாசல் காவலாளி.

"ஏதாவது வெளிய போச்சா?"

"ஈ காக்காகூடப் போகல, தோழர் கேப்டன்."

6.40. மாற்று வெள்ளைக் குதிரையைப் பழக்கிய சார்ஜன்ட் கொந்திராத், அணிவகுப்பு உடையும் வெள்ளைக் கையுறையுமாக உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான்.

"அதுக்குள்ள அலங்காரமா?"

"இனி என் குதிரைதானே போகணும்? யெஃபீம் பாவம், வயசாயிடுச்சு."

7.05. ரயீசா பழுப்புக் குதிரைகளின் வரிசைக்குப் போனாள். தீவனப் பைகள் பத்து. குதிரைகள் பதினொன்று.

"அணிவகுப்பு அழைப்ப ஊதுய்யா!" என்றாள் எக்காளக்காரனிடம்.

பத்துக் குதிரைகள் மென்றுகொண்டே இருந்தன. பதினொன்றாவது தலையை நிமிர்த்திக் கம்பீரமாக முன்னால் வந்தது. எக்காளம் கேட்டுக் கர்னலும் கொந்திராத்தும் மற்றவர்களும் ஓடி வந்தார்கள். யெஃபீம் "என் ராசா!" என்று அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"போர்முனைல வெள்ளைக் குதிரை எதிரி கண்ணுல படாம இருக்க என்ன பூசினோம்? பெர்மாங்கனேட் தண்ணி," என்றாள் ரயீசா. "பூசின கையும் ஒரு வாரம் பழுப்பாவே கெடக்கும். கையுறை போட்டுக் கஞ்சி குடிக்கிறவன இன்னைக்குத்தான் பார்த்தேன். கழட்டுடா கொந்திராத்!"

பத்து விரலும் பழுப்பு.

"என் குதிரை எதுல குறைச்சல்?" என்று அவன் அழுதான். காவலர்கள் இழுத்துப்போனார்கள்.

"மன்னிச்சுக்கோ, யெஃபீம்," என்ற கர்னல், தாமே ஒரு வாளியைத் தூக்கினார். வினிகரும் புண் கழுவும் பெராக்சைடும் வாளி வாளியாக வந்தன. இருபது பேர் சேர்ந்து தேய்த்தார்கள்.

மணி பத்து. கொட்டுகிற மழையில் ஓரியோல் பால் வெள்ளையாகச் சதுக்கத்துக்குள் நுழைந்தது. கூட்டம் "ஹுர்ரா!" என்று அதிர்ந்தது.

"காதுக்குப் பின்னாடி கொஞ்சம் பழுப்பு நின்னுபோச்சுங்க," என்று யெஃபீம் கண்ணைத் துடைத்தார்.

"யாரு காதைப் பார்க்கப் போறா?" என்றாள் ரயீசா. "நடையப் பாருங்க, நடைய!"