கூவல் தீவில் கேட்ட விடுகதை

திருமேனியின் குரல் கூவல் தீவில் கேட்டது என்று வள்ளக்காரர் சொல்லி முடிப்பதற்குள், தாழைக்கரைப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்கள்!

குரல் கேட்டால் ஆள் உயிரோடு இருக்கிறார் என்றுதானே நீங்களும் நானும் சந்தோஷப்படுவோம்? தாழைக்கரைத் தீவில் அப்படி இல்லை, கண்ணுகளா. அவர்கள் கடலின் தெற்கு மூலையில் தன்னந்தனியாக நிற்கிறது கூவல் தீவு. பாறை முழுக்கக் குகை. அந்தக் குகைகள் மனிதக் குரலை விழுங்கி வைத்துக்கொள்ளும். பத்து நாள் கழித்தும் துப்பும், பத்து வருடம் கழித்தும் துப்பும். அங்கிருந்து கூப்பிடுவது செத்தவர்கள்தான், பதில் சொன்னால் நம்மையும் இழுத்துக்கொள்வார்கள் என்று ஊரே நம்பியது. அதனால் அந்தப் பக்கம் போகிற வள்ளமெல்லாம் துடுப்பால் பலகையைத் தடதடவென்று தட்டிக்கொண்டே ஓடிவிடும். திரும்பிக்கூடப் பார்க்காது.

இரண்டு வருடமாகத் தாழைக்கரையில் மழை இல்லை. கிணறெல்லாம் உப்பு ஏறிவிட்டது. நல்ல தண்ணீர் தேடிக் கிளம்பிய திருமேனி எட்டு நாளாகத் திரும்பவில்லை. ஒன்பதாம் நாள் பொழுது சாயும்போது ஊர் கூடி அவர் பேரை இறக்கிவிடும். அது அங்கத்து வழக்கம். அடியில் ஓட்டை போட்ட குடத்துக்குள் வாயை வைத்துப் பேரைச் சொல்லி, குடத்தைக் கடலில் விடுவார்கள். குடம் முங்கினால் பேரும் முங்கியது. பிறகு அந்தப் பேரை யாரும் சொல்லக்கூடாது. அவரைத் தேடி ஒரு வள்ளமும் இறங்கக்கூடாது.

திருமேனிக்கு ஒரே மகள் வலம்புரி. பன்னிரண்டு வயது, தாயில்லாப் பிள்ளை. அவள் அழவில்லை. அத்தை வீட்டுக்கு ஓடினாள்.

உலகி அத்தை திருமேனியின் அக்கா. சொந்த வள்ளம் வைத்திருப்பவள். சுறாவையே வாயால் திட்டி விரட்டுவாள் என்று ஊரில் பேச்சு.

"அத்தை, வள்ளத்தை எடு. அப்பாவைக் கூட்டிட்டு வரணும்."

"கூறுகெட்டவளே! கூவல் தீவுல குரல் கேட்டாச்சுன்னா ஆளு முடிஞ்சாச்சுட்டி."

"முடிஞ்ச ஆளுன்னு யாரு போய்ப் பாத்தா? எல்லாரும் தட்டிக்கிட்டுத்தானே ஓடுறீங்க!"

அத்தையின் முகம் செத்த மீன்போல் வெளுத்தது. பிறகு உள்ளே பார்த்துக் கத்தினாள்: "லேய் துறையா! பாயை எடு. விடியுமுன்ன கிளம்பணும்."

துறையன் அத்தை மகன். பதினைந்து வயது. "நான் இருக்கேன்ல, ஏன்ட்டி பயப்படுத?" என்று நெஞ்சை நிமிர்த்தினான். ஆனால் பாயை எடுக்கப் போனவன் துடுப்போடு வந்து நின்றான்.

மூவரும் ஒரு குடம் தண்ணீருடன் கிளம்பினார்கள். வலம்புரி அப்பாவை நினைத்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு முறை கடலுக்குப் போகும்போதும் அவர் ஒரு விடுகதை போட்டுவிட்டுப் போவார். திரும்பி வந்துதான் விடை சொல்லுவார். இந்த முறை போட்டது இது: 'நிறைஞ்சா வாய் திறக்கமாட்டா, காலியானா ஊரையே கூப்பிடுவா. அவ யாரு?' எட்டு நாளாக யோசித்தும் வலம்புரிக்குப் பிடிபடவில்லை.

பொழுது விடிந்தபோது கண்ணாடிக் கடலுக்குள் வந்திருந்தார்கள். ஒரு சுருக்கம் இல்லாத தண்ணீர்! இருபது பனை ஆழத்தில் கிடக்கும் மணல் துல்லியமாகத் தெரிந்தது. வள்ளம் தண்ணீரில் மிதக்கிற மாதிரியே இல்லை. வெறும் காற்றில் தொங்குகிற மாதிரி இருந்தது. அவர்கள் வள்ளத்தின் நிழல் அடியில் வண்டுபோல் ஊர்ந்தது. அதன் பக்கத்திலேயே இன்னொரு நிழல். நீளமான நிழல்.

"மச்சான், அது எந்த மீனோட நிழலு?" என்று வலம்புரி கிசுகிசுத்தாள்.

துறையன் அங்கும் இங்கும் பார்த்தான். நிழல்தான் இருந்தது. அதற்குரிய மீன் எங்குமே இல்லை!

"பாக்காத. துடுப்பைப் போடு," என்றாள் அத்தை. அந்த நிழல் ஒரு நாழிகை தூரம் கூடவே வந்து, எப்படி வந்ததோ அப்படியே போய்விட்டது.

அடுத்து மேயும் தீவு. அது கடலில் நடக்கிற காடு. கண்டல் மரங்களின் வேர்களெல்லாம் நூறு கால்களாக எழுந்து எழுந்து ஊன்றும். ஊன்றிய இடத்துப் பாசியை மேய்ந்துவிட்டு அடுத்த அடி வைக்கும். மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் காலுக்கு அடியில் அகப்பட்டால் மரத்துண்டும் மனிதனும் அதற்கு ஒன்றுதான். மூவரும் வள்ளத்தின் அடியில் குப்புறப் படுத்துக்கொண்டார்கள். தலைக்கு மேலே சேறு சொட்டச் சொட்ட வேர் ஒன்று போனது. ஒரு சொட்டு வலம்புரியின் கழுத்தில் விழுந்து முதுகெலும்பு வழியாக இறங்கியது. அவள் கத்தவில்லை. உதட்டைக் கடித்ததில் ரத்தம்தான் வந்தது.

பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா. இன்னும் கூவல் தீவே வரவில்லை.

அது வந்தபோது கடல் வற்றிக் கிடந்தது. கரிய பாறையில் மேலும் கீழுமாக நூறு குகை வாய்கள் திறந்திருந்தன. முதலில் காற்றின் இரைச்சல்தான் கேட்டது. கிட்டப் போகப் போக இரைச்சல் பேச்சாகப் பிரிந்தது. ஆணும் பெண்ணும் கிழடும் குழந்தையும் ஒரே நேரத்தில்! யாரோ "ஐயோ!" என்றார்கள். யாரோ சிரித்தார்கள். ஒரு குழந்தை "அம்மா, தண்ணி" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது.

துறையனின் கை தானாகத் துடுப்பை ஓங்கியது.

"தட்டாத மச்சான்!" வலம்புரி அவன் கையைப் பிடித்தாள். "தட்டினா எப்படிக் கேக்கும்?"

அப்போதுதான் கேட்டது.

"வலம்புரீ... ஏ வலம்புரீ..."

அப்பா! அதே குரல். அவளுக்கு உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. பதில் சொல்லக்கூடாது என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள். செத்தவர் குரலாக இருந்தால்? இழுத்துக்கொண்டால்? கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

'பிடிச்சு வச்ச குரல் சொன்னதையே சொல்லும். உயிருள்ள ஆளுதான் கேட்டதுக்குப் பதில் சொல்ல முடியும்!'

"அப்பா! விடுகதைக்கு விடை என்ன?"

"வலம்புரீ... ஏ வலம்புரீ..."

"விடை சொல்லுப்பா!"

"வலம்புரீ..."

மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் அவள் பேர்தான் வந்தது. நெஞ்சுக்குள் என்னமோ அறுந்து விழுந்தது.

அதே நேரம் இன்னொரு குகை பேசியது. கரகரத்த ஆண் குரல்.

"உலகீ! பாயை இறக்கு! நான் இங்கதான் இருக்கேன்... பாயை இறக்கு உலகீ!"

சுறாவைத் திட்டி விரட்டுகிற உலகி அத்தை அடி வேரோடு சாய்ந்த மரம்போல் வள்ளத்துக்குள் விழுந்தாள்.

"அது எங்கப்பா குரலு," என்றான் துறையன். அவன் பற்கள் கிட்டிப்போயின. பதினோரு வருடத்துக்கு முன் கடலில் காணாமல் போன சேந்தனின் குரல்!

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு முனகினாள். "அன்னைக்கு இந்த வழியா போன வள்ளத்துல நானும் இருந்தேன்டி. குரல் கேட்டுது. செத்துட்டாருன்னு நெனச்சேன். நானும் தட்டினேன்டி... நானும் தட்டினேன்..." அதோடு அவளுக்குக் கண் செருகிவிட்டது.

ஓதம் ஏற ஆரம்பித்தது. தண்ணீர் குகை வாய்களை ஒவ்வொன்றாக மூடியது. மூடிய குகை சட்டென்று அடங்கியது. குழந்தையின் குரல் போயிற்று. சேந்தனின் குரல் போயிற்று. கடைசியில் அப்பாவின் குரலும் போயிற்று. அந்தச் சத்தத்தைவிட இந்த அமைதி பயங்கரமாக இருந்தது.

"போயிருவோம்ட்டி," என்று துறையன் வள்ளத்தைத் திருப்பினான். "மாமா இல்லட்டி. நீ கேட்டதுக்குப் பதில் வரலையே."

வலம்புரி அத்தை பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டும். இருந்த தண்ணீரைக் குடித்தாகிவிட்டது. காலிக் குடத்தைக் கடலில் அமிழ்த்தினாள். களக்... களக்... களக்... என்று கத்தியது குடம். நிறைந்ததும் வாயை மூடிக்கொண்டது.

அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

நிறைஞ்சா வாய் திறக்கமாட்டா. காலியானா ஊரையே கூப்பிடுவா.

"குடம்! மச்சான், விடை குடம்! இந்தக் குகையெல்லாமும் குடந்தான்! காலியா இருந்தப்ப அவ்வளவு சத்தம். அந்தச் சத்தத்துல நான் கேட்டது அப்பாவுக்கு எப்படிக் கேக்கும்? இப்பத்தான் நிறைஞ்சு வாய மூடியிருக்கு. இப்பக் கேக்குறேன்!"

எழுந்து நின்றாள்.

"அப்பாஆஆ! விடை என்ன?"

அமைதி. பாறையில் நீர் அறையும் ஓசை மட்டும். வலம்புரி பத்து வரைக்கும் எண்ணினாள். பதினொன்று. பன்னிரண்டு...

பாறைக்கு மேலே எங்கிருந்தோ, நூல் இழை மாதிரி மெலிந்து வந்தது ஒரு குரல்.

"கு... ட... ம்!"

அப்புறம் நடந்ததெல்லாம் ஓட்டம்! ஏறிய தண்ணீரே வள்ளத்தைப் பாறை விளிம்புக்குத் தூக்கிவிட்டது. தெளிந்து எழுந்த அத்தை நங்கூரக் கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு முதல் ஆளாக ஏறினாள். உச்சியில் புதர் மூடிய ஒரு பள்ளம். எட்டிப் பார்த்தால் கிணறு போன்ற இருட்டு.

"யாராவது இறங்கணும். சின்ன உடம்பா இருக்கணும்," என்றாள் அத்தை. மூவருக்கும் அது யார் என்று தெரியும்.

வலம்புரி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டாள். இறங்க இறங்க வெளிச்சம் தலைக்கு மேல் ஒரு காசளவு சுருங்கியது. சுவரில் எதுவோ அவள் விரலின்மேல் ஏறி ஓடியது. கால் தண்ணீரில் பட்டபோது அலறியேவிட்டாள்.

"அலறாத மக்கா, நாந்தான்," என்றது இருட்டு.

பள்ளத்தில் தவறி விழுந்ததில் கால் முறிந்து, தாடி வளர்ந்து, எலும்பும் தோலுமாக அப்பா! பாறை நண்டையும் மேலிருந்து விழுந்த தாழம்பழத்தையும் தின்று ஒன்பது நாள் கிடந்திருக்கிறார். கட்டிக்கொண்டு அழுதவளின் வாயில் ஒரு கை தண்ணீரை ஊற்றினார்.

இனித்தது! பச்சை இளநீர்போல் இனித்தது!

"கூவல்னா பழைய பேச்சுல கிணறுட்டி," என்றார் அப்பா. "பழைய பாய்த்துணி ஒண்ணுல தீவோட பேரு எழுதி, பக்கத்துல குடம் வரைஞ்சிருந்துது. அதைப் பாத்துத்தான் வந்தேன். நம்ம ஆளுக கூவுற தீவுன்னு நெனச்சு, பயந்து பயந்து தாகத்துல கிடக்கோம்."

"அந்தக் குடத்தையே விடுகதையாப் போட்டியாக்கும்?"

"போட்டேன். பதில் சொல்ல ஆளு வரலையே! ஆறு வள்ளம் போச்சு மக்கா. நான் கத்தக் கத்த அவங்க இன்னும் பலமாத் தட்டினாங்க. தட்டாம வந்த வள்ளம் இது ஒண்ணுதான்."

மேலே கயிற்றைப் பிடித்திருந்த அத்தை அதைக் கேட்டாள். இரண்டு ஆள் பாரத்தையும் ஒரே மூச்சில் இழுத்தாள்.

கொண்டு வந்த ஒரே குடத்தில் நல்ல தண்ணீரை நிறைத்துக்கொண்டு, பின்காற்றில் பாயை முழுக்க விரித்துப் பறந்தார்கள். தாழைக்கரை தெரிந்தபோது சூரியன் கடலைத் தொட்டிருந்தது. கரை முழுக்கக் கூட்டம். ஓட்டைக் குடம் தண்ணீரில் மிதந்து, கழுத்துவரை அமிழ்ந்துகொண்டிருந்தது!

"முங்கப் போகுது!" என்று துறையன் கத்தினான்.

வலம்புரி குதித்தாள். நீந்திப் போய்க் குடத்துக்கு அடியில் கைவிட்டு ஓட்டையைத் துழாவினாள். அதற்குள் கட்டைவிரலைச் செருகி, குடத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள்.

வள்ளத்தில் சாய்ந்திருந்த திருமேனி கரையைப் பார்த்துக் கேட்டார்: "எவம்ல எம் பேரை இறக்கினது? நான் குடுக்கலையே!"

கூட்டம் ஒரு கணம் பேயைக் கண்டதுபோல் நின்றது. பிறகு கிளம்பிய கூச்சலில் தென்னங்கீற்றெல்லாம் ஆடின! அந்த ஒரு குடம் தண்ணீரை ஊரே விரலால் தொட்டுத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டது.

இப்போது தாழைக்கரையில் தாகம் இல்லை. வாரம் ஒரு முறை வள்ளங்கள் குடங்களோடு கூவல் தீவுக்குப் போகின்றன. யாரும் பலகையைத் தட்டுவதில்லை. குரல் கேட்டால் நின்று, ஒரு கேள்வி கேட்கிறார்கள். நிறை ஓதத்தில் இன்னொரு தரமும் கேட்கிறார்கள். பயம் வரத்தான் செய்கிறது, கண்ணுகளா. வந்தால் என்ன? பயந்துகொண்டே கேட்டால் போதும்.

உலகி அத்தை மட்டும் கடல் வற்றும் நேரம் பார்த்துத்தான் அங்கே போவாள். அந்தக் குகைக்கு நேரே வந்ததும் கரகரத்த குரல் கூப்பிடும்: "உலகீ! பாயை இறக்கு!"

அத்தை எழுந்து தன் கையாலேயே பாயை இறக்குவாள்.

"இறக்கிட்டேன்யா," என்பாள்.