ஆறாவது துளை

ஆறாவது துளையில் மட்டும் முள் முப்பத்தேழை விட்டு நகரவில்லை.

மற்ற ஐந்தும் ஒழுங்காகத்தான் இருந்தன. காலையில் பால் கறந்து முடித்ததும் அவள், மாட்டுக்கு நறுக்கிய புல்லைச் சுவர்களுக்கு நடுவே நிரப்பி மூடிய குழிமேல் ஏறி, ஆள் உயர இரும்புக் கம்பியைத் தார்ப்பாயின் துளை வழியாகப் புல்லுக்குள் இறக்குவாள். கம்பியின் தலையில் ஒரு வட்ட முகம், அதில் சூட்டைக் காட்டும் ஒரு முள். இருநூறு எண்ணிவிட்டுப் படிக்க வேண்டும். படித்ததும் கம்பியை உருவித் துளையை டேப்பால் ஒட்டிவிட வேண்டும். மூடிய மறுநாள் ஐந்திலும் நாற்பது டிகிரி. மூன்றாம் நாள் முப்பத்தெட்டு. ஐந்தாம் நாள் முப்பத்து நான்கு. ஆறாவதில் முதல் நாளும் முப்பத்தேழு, ஐந்தாம் நாளும் முப்பத்தேழு.

“கம்பி கெட்டுப்போச்சுக்கா,” என்றான் தம்பி கீழே நின்றபடி.

அவள் கம்பியை வாளித் தண்ணீரில் விட்டுக் காட்டினாள். முள் சரசரவென்று இருபத்தாறுக்கு இறங்கியது.

“அப்ப நீதான் கெட்டுப்போயிட்ட. ஒரு நம்பரை வெச்சுக்கிட்டு ராத்திரி பகலா உசுர வாங்குற.”

அவனுக்கு விளங்கவில்லை. வெட்டிய புல் வெட்டிய உடனே சாவதில்லை. வேரை விட்டுப் பிரிந்த பிறகும் அது மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். பொடியாக நறுக்கிக் குழியில் கொட்டி மிதித்து மூடினால், இடுக்குகளில் மிஞ்சிய காற்றைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுத்தான் அடங்கும். முதல் நாள்களில் முள்ளை ஏற்றுவது அந்த மூச்சின் சூடு. காற்று தீர்ந்ததும் புளிப்பு வேலையை ஆரம்பிக்கும், சூடு மெல்ல இறங்கும், பிறகு எட்டு மாதம் ஆனாலும் அந்தப் புல் கெடாது. எங்காவது காற்று புகுந்தால் கதையே வேறு. சூடு ஏறிக்கொண்டே போகும், ஐம்பதைத் தாண்டும், புல் கருத்துப் பூசணம் பூத்துக் குப்பையாகும். ஆக, ஒன்று முள் இறங்க வேண்டும், அல்லது ஏற வேண்டும். ஒரே இடத்தில் நிற்பது புல்லின் குணமில்லை. தன் சூட்டைத் தானே காத்துக்கொள்கிற ஒன்றுதான் அப்படி நிற்கும். மாடுகூட இல்லை, மாட்டுக்கு முப்பத்தெட்டரை.

அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை.

யோசிக்க நேரமும் இல்லை. போன வருடம் குழி முழுதும் அழுகி, நாற்பது மாடுகள் பதினெட்டாகக் குறைந்திருந்தன. மிச்சமிருந்த பதினெட்டில் பதினொன்று சினை. இந்த வருடம் மழை ஒரே தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. வந்த புல்லையெல்லாம் வழித்து வெட்டியாயிற்று. வயலில் இப்போது கட்டைத்தாள் மட்டும் நின்றது. அடுத்த மழை வரை பதினெட்டு வாய்க்கும் இந்த ஒரு குழிதான்.

ஆறாவது துளை, பின்சுவரும் இடதுசுவரும் சேரும் மூலையில் இருந்தது. அது அவளுடைய மூலை. புல்லை ஒரு சாண் கனத்துக்குப் பரப்புவார்கள், தம்பி டிராக்டரை அதன்மேல் முன்னும் பின்னும் ஓட்டி அழுத்துவான், பிறகு அடுத்த சாண். ஆனால் சக்கரம் சுவரை ஒட்டிப் போக முடியாது. சுவரோரம் ஒரு முழம் எப்போதும் அழுந்தாமல் உப்பி நிற்கும். அதைக் காலால்தான் மிதிக்க வேண்டும். குதிகாலை ஊன்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு, அடி அடியாக. குழி நிரப்பிய அன்று, கடைசி மூன்று அடுக்கை மிதிப்பதற்குள் மேகம் கறுத்து இறங்கியது. நனைந்தால் எல்லாம் போச்சு. “போதும்டா, இழுத்து மூடு,” என்று கத்தியவள் அவள்தான். மேகம் பெய்யாமலே கலைந்தது.

மிதிக்காமல் விட்டதால் உள்ளே ஒரு காற்றுப்பை இருக்கும். அவ்வளவுதான். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

ஆறாம் நாள், புல் நறுக்கும் இயந்திரக்காரன் விட்டுப்போன தன் சங்கிலியை எடுத்துப்போக வந்தான். எல்லோருக்கும் அவன் நெட்டை. நிலைப்படியைப் பார்த்தாலே குனிந்து பழகிய உடம்பு.

“என்ன அக்கா, மாட்டுக்கு ஊறுகா போட்டாச்சு, நமக்கு ஒரு டீ கெடையாதா?” என்று சிரித்துக்கொண்டே குழிமேல் ஏறினான்.

“அந்த மூலையில நின்னு பாருங்க. மெத்துன்னு இருக்கா?”

“மெத்துன்னு இருந்தா படுத்துத் தூங்குறேன், காலையில எழுப்பி விடுங்க.”

மூலைக்குப் போனான். நின்றான். சிரிப்பு முகத்திலேயே இருந்தது, ஆனால் அதற்குள் ஆள் இல்லை. ஒரு காலை மெதுவாக எடுத்தான், பிறகு மற்றதை, தூங்குகிற குழந்தையின் பக்கத்திலிருந்து நழுவுகிறவனைப் போல.

“என்னங்க?”

“ஒண்ணுமில்ல. எனக்கு வேற எடத்துல வேல இருக்கு.”

சங்கிலியை எடுக்காமலே போய்விட்டான்.

மறுநாள் அந்த மூலையில் தார்ப்பாய் ஒரு தட்டு அளவுக்குக் குழிந்திருந்தது. மேலே பாரத்துக்கு வைத்த பழைய டயர்கள் அதை விட்டு விலகி வட்டமாகச் சரிந்து கிடந்தன. அவள் அவற்றைத் தூக்கி மறுபடி நடுவில் அடுக்கினாள். சாயங்காலம் பார்த்தால் மறுபடி விலகியிருந்தன. குனிந்தபோது ஒரு வாடை வந்தது. குழியில் நன்றாகப் பதமான புல்லின், சைலேஜின், புளிப்பு வாடை இல்லை, கெட்டுப்போனதின் முடைநாற்றமும் இல்லை. சன்னல் திறக்காத அறையில் வெகுநேரம் யாரோ தூங்கி எழுந்துபோன வாடை.

அவள் முழங்காலிட்டு, சுவரும் தார்ப்பாயும் சேரும் ஓரத்தில் காதை வைத்தாள். மாட்டுக் கொட்டகையில் ஏதோ ஒன்று கயிற்றை இழுத்தது, தொலைவில் மோட்டார் ஓடியது, வெயிலில் தார்ப்பாய் படபடத்தது, அவையெல்லாம் ஒவ்வொன்றாக விலகிய பிறகு அடியில் மெல்லிய ஓர் ஒலி மிஞ்சியது. உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. நின்றது. வெளியே வந்து அவள் காது மடலைத் தொட்டது. வெதுவெதுப்பாக. அவள் எண்ணினாள். நிமிடத்துக்குப் பதினான்கு.

எட்டாம் நாள் மற்ற துளைகளில் முள் ஏறத் தொடங்கியது. நாற்பத்தொன்று. மத்தியானம் நாற்பத்து நான்கு.

அது எப்படி என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததுதான் கொடுமை. துருத்தி போல. ஒவ்வொரு தடவை மூலை உப்பும்போதும் ஓரத்தின் வழியாகக் காற்றை உறிஞ்சுகிறது, அமுங்கும்போது அதைப் புல்லுக்குள் எல்லாப் பக்கமும் தள்ளுகிறது. நிமிடத்துக்குப் பதினான்கு தடவை. குழி முழுதும் வேகிறது.

“பாரம் ஏத்துவோம்,” என்றான் தம்பி. அவன் இப்போது கேலி பேசவில்லை.

மண் மூட்டைகள் ஏற்றினார்கள். முப்பது மூட்டை. சரிந்தன. கருங்கல் ஏற்றினார்கள். சரிந்தது. ஓரத்தில் ஈர மண்ணைக் குழைத்துப் பூசினார்கள். காய்வதற்குள் விரிசல் கண்டு, விரிசலில் அதே உஸ். நாற்பத்தேழு.

ஒன்பதாம் நாள் மத்தியானம் தம்பி டிராக்டரையே பின்னோக்கி ஏற்றி, பின்சக்கரம் எவ்வளவு மூலைக்குப் போகுமோ அவ்வளவுக்கு நிறுத்தி, இன்ஜினை அணைத்தான். இருவரும் இறங்கி நின்று பார்த்தார்கள். அத்தனை இரும்பு. சக்கரம் அசையாமல் நின்றது.

பிறகு ஒரு விரற்கடை உயர்ந்தது. இறங்கியது. உயர்ந்தது.

தம்பி சிரித்தான். நிறுத்த முடியாமல் சிரித்தான், பிறகு முழங்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். “அக்கா, ஏதாவது பண்ணுக்கா. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. பதினெட்டையும் எங்க கொண்டுபோய் விடுவேன்? என்னத்தப் போடுவேன்? போன வருஷம் அதுங்க கத்துனது இன்னும் காதுலேயே இருக்குக்கா.”

“டிராக்டர எடு,” என்றாள். “திறந்து பாக்கலாம்.”

மூடிய குழியைத் திறக்கக் கூடாது. அவளே ஆயிரம் தடவை சொன்ன பாடம். ஆனால் முள் ஐம்பதில் நின்றது.

கத்தியால் மூன்று பக்கம் கீறித் தார்ப்பாயைக் கதவு போல் மடித்துப் போட்டார்கள். மேலாகக் கிடந்த புல்லைக் கையால் விலக்கினாள். ஒரு பிடியை உருண்டையாகப் பிசைந்து பார்த்தாள், பழக்கதோஷம். ஈரம் சரியாகத்தான் இருந்தது. உருண்டை மெதுவாக விரிந்தது.

ஒரு முழ ஆழத்தில் புல் இல்லை. பள்ளம் இருந்தது.

உள்பக்கம் வழவழவென்று, மிதித்து மிதித்து அழுத்தியதைப் போல் இறுகியிருந்தது. ஒரு பக்கமாக ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, ஒரு கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்துத் தூங்குகிற ஆளின் வடிவம். தலைக்கு ஓர் இடம். தோளுக்கு. இடுப்புக்கு. குதிகாலுக்கு இரண்டு சின்னக் குழிவுகள்.

உள்ளே யாரும் இல்லை. பள்ளம் மட்டும் மெல்ல விரிந்தது. சுருங்கியது.

“நெறப்பு,” என்றாள். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. “காத்துப்பை இருந்தா நெறப்பணும். அவ்வளவுதான்.”

விலக்கிய புல்லைக் கூடை கூடையாகப் போட்டு ஏறி மிதித்தாள். கால் மணி நேரத்தில் எல்லாம் மேலே வந்து குவிந்தது, சூடாக, ஈரமாக. மணலைப் போட்டார்கள். மேலே வந்தது. மூட்டையோடு இறக்கினார்கள். மூட்டையோடு வந்தது. ஐம்பத்திரண்டு. முன்பக்கம் தார்ப்பாயின் அடியிலிருந்து ஆவி கிளம்பத் தொடங்கியது. கொட்டகையில் மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து நின்று இந்தப் பக்கம் பார்த்தன.

தம்பி சட்டென்று பள்ளத்துக்குள் காலை விட்டுப் படுத்தான். அவள் தடுப்பதற்குள். ஆனால் அவன் தோள் அதில் அடங்கவில்லை, கால் வெளியே நீட்டிக்கொண்டது. ஓரத்தில் உஸ் நிற்கவில்லை. எழுந்து வந்தான். உடம்பெல்லாம் புல்.

அவளைப் பார்த்தான். அவள் தோளை. உயரத்தை.

“ஒரு நிமிஷம்தான்க்கா,” என்றான். “நிக்குதான்னு பாத்துட்டா போதும். நான் இங்கேயே இருக்கேன்ல.”

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். ஒரு மாடு கத்தியது. சினை மாடு. அவளுக்கு அந்தக் குரல் தெரியும்.

உட்கார்ந்தாள். படுத்தாள். ஒருக்களித்தாள்.

தலைக்கு உள்ள இடத்தில் தலை அமர்ந்தது. முழங்கால் தானாக மடங்கியது. கன்னத்துக்கு அடியில் கை. எங்கும் இடிக்கவில்லை. எங்கும் மிச்சமில்லை.

உஸ் நின்றது.

தார்ப்பாயின் மேல் தம்பி ஓடும் சத்தம். கம்பி இறங்கும் சத்தம். வெகுநேரம். அவன் எண்ணிக்கொண்டிருந்தான்.

“அக்கா! ஐம்பத்தொண்ணு!”

ஓட்டம்.

“நாப்பத்தொம்பது! எறங்குதுக்கா!”

அப்படி வேகமாக இறங்காது. புல்லின் சூடு அப்படி இறங்காது. அவளுக்குத் தெரியும்.

“எந்திரிக்கட்டுமா?”

“இரு. இன்னும் ஒரு நிமிஷம்.”

“டேய்.”

“நாப்பத்தாறு. அக்கா, நாப்பத்தாறு!” அழுகிறானா சிரிக்கிறானா தெரியவில்லை.

புல் நெருங்கி வந்தது. இறுக்கவில்லை. போர்வையைச் சொருகுவது போல. கழுத்துக்கு அடியில். முழங்கால் மடிப்பில். விரல்களுக்கு நடுவில் ஒவ்வொன்றாக. அவள் மூச்சை இழுத்தாள். விட்டாள். அவளைச் சுற்றி எதுவும் அசையவில்லை. மூச்சு அவளுடையது மட்டும்தான்.

“டேய், கை குடுடா.”

அவன் வந்து நின்றான். வானத்துக்கு எதிரே தலை மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. குனிந்தான். கை நீண்டது. அவளைத் தாண்டிப் போய்த் தார்ப்பாயின் மடிப்பைப் பிடித்தது.

“மன்னிச்சுக்கக்கா.”

இருட்டு. மூன்று பக்கமும் கோடாக வெளிச்சம்.

பிறகு துணியால் துடைக்கும் சத்தம். தூசி இருந்தால் டேப் ஒட்டாது. அவன் எப்போதும் அவசரக்காரன், துடைக்கவே மாட்டான். இன்று துடைத்தான். விசும்பிக்கொண்டே, ஓரம் ஓரமாக, இரண்டு தடவை.

டேப் கிழியும் சத்தம். ஒரு கோடு போயிற்று.

இரண்டாவது.

மூன்றாவது.

ஒரு டயர் விழுந்தது. சரியவில்லை. இன்னொன்று.

எவ்வளவு எளிது என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. மூலையில் இடம் விட்டிருந்தால் அந்த இடத்துக்குப் பொருந்துகிற ஆளை வைத்து நிரப்ப வேண்டும். ஓரத்தைத் துடைத்து ஒட்ட வேண்டும். மேலே பாரம் வைக்க வேண்டும். அதன் பிறகு புல் கெடாது.